ராமநாதபுரம் கரையிலிருந்து ரயிலேறி விமானம் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் ஓடுதளம் உண்டு. ஆனால் அது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு, அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று மாநில அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. அது வரும்போது வரட்டும். அதுவரை கீழக்கரையிலிருந்து துபாய் போகிறவரும், பாம்பனிலிருந்து டெல்லிக்குத் தேர்வு எழுதப் போகும் பிள்ளையும் வெளி மாவட்டத்துக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? மதுரைக்கு வண்டி பேசுவார்கள். சபர் (வெளிநாட்டுப் பயணம்) போகிறவர் ஒருவர், வழியனுப்ப ஏழு பேர். போகவர வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்தால், சில நாட்களில் உள்நாட்டு விமான டிக்கெட்டை விட அதிகமாகிவிடும். ரயிலில் போனால் இதில் சிறு பங்குதான் செலவு. ஆனால் ரயிலையும் விமானத்தையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு வாகனம் ஏறுவது புதிதல்ல. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் எடுத்த டிக்கெட்டிலேயே தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று போய்விடலாம். போட் மெயில் என்ற பெயர் அதனால் வந்ததுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி முடிந்தது.

இன்று ரயிலுக்கும் விமானத்துக்கும் அப்படி ஒரே டிக்கெட் நம்மிடம் இல்லை. ஜெர்மனியில் பிராங்பர்ட் விமான நிலையத்துக்குள்ளேயே நெடுந்தூர ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே லுப்தான்சா விமான டிக்கெட்டிலேயே ரயில் பயணத்தையும் சேர்த்து விற்கிறார்கள்; ரயில் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றி விடுவது அவர்கள் பொறுப்பு. இங்கே இரண்டும் தனித்தனி. ராமேஸ்வரத்திலிருந்து சென்னை போகும் சேது எக்ஸ்பிரஸ் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தால் விமான நிறுவனம் காத்திருக்காது, ரயில்வே விமானக் கட்டணத்தைத் தராது. 2019 ஏப்ரல் முதல் இரண்டு ரயில்களின் பி.என்.ஆர்.களை (டிக்கெட்டில் உள்ள பதிவு எண்களை) இணைத்துக்கொள்ளலாம், முதல் ரயில் தாமதமாகி அடுத்த ரயிலைத் தவறவிட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். அந்தச் சலுகை ரயிலுக்கும் ரயிலுக்கும் மட்டும்தான். ஆகவே இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: எந்த விமான நிலையம்?

வரைபடத்தைப் பார்த்தால் மதுரைதான் பக்கம். ஆனால் ரயிலில் போகிறவருக்குத் திருச்சியும் சென்னையும்தான் பல நேரம் சுலபம். ஏன் என்று பார்ப்போம்.

மதுரைக்குப் போகும் பாசஞ்சர் ரயில்கள் நாளுக்குச் சிலதான். அவை பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம், சிலைமான் என்று நின்று நின்று ஊருக்கு நடுவில் உள்ள மதுரை ஜங்ஷனுக்குப் போகும். விமான நிலையமோ ஊருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, பெருங்குடிப் பக்கம். அதாவது நகரத்துக்குள் நுழைந்து, நெரிசலில் மாட்டி, மறுபடி வெளியே வர வேண்டும். அதே நேரத்தில் ராமநாதபுரத்திலிருந்து மதுரை போகும் பஸ், விரகனூர் ரிங் ரோட்டைத் தொட்டுத்தான் போகிறது. அங்கே இறங்கி ஆட்டோ பிடித்தால் ரிங் ரோட்டிலேயே மண்டேலா நகர் போய் விமான நிலையம் சேரலாம். மதுரை நகருக்குள் போகவே வேண்டாம். ரயில் பற்றிய வழிகாட்டியில் பஸ்ஸைச் சிபாரிசு செய்வது விநோதம்தான். ஆனாலும் மதுரையில் பகல் நேர விமானம் என்றால், ராமநாதபுரம், பரமக்குடிக்காரர்களுக்கு என் ஓட்டு பஸ்ஸுக்குத்தான். முட்டி வலிக்கும் பெரியவர்கள், நிறைய மூட்டைகள் என்றால் ரயில் நல்லது. ஆட்டோ கிடைக்குமா என்று தெரியாத சிலைமானில் பெட்டிகளோடு இறங்காதீர்கள். ஜங்ஷன் வரை போய்விடுங்கள்.

திருச்சி கணக்கே வேறு. ஜங்ஷனிலிருந்து விமான நிலையம், புதுக்கோட்டை சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர்தான். வளைகுடா, சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு விமானங்கள் அங்கிருந்து போகின்றன. அவற்றில் பல இரவிலும் விடியற்காலையிலும்தான். ராமேஸ்வரத்திலிருந்து சென்னை போகும் மாலை, இரவு ரயில்களும் மானாமதுரை, சிவகங்கை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாக ராத்திரியில்தான் திருச்சியைத் தொடும். இப்படி நேரம் பொருந்துவது மதுரையில் கிடைக்காது.

சென்னைக்கு ரயில் நேரம் அதிகம், ஆனால் தூங்கிக்கொண்டே போகலாம். அப்புறம், விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது.

சாயல்குடி, மூக்கையூர் பக்கத்துக்காரர்கள் தூத்துக்குடியையும் யோசிக்கலாம். அங்கே வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள். ஆனால் நம் கரையிலிருந்து அங்கே நேர் ரயில் பாதை இல்லை, கிழக்குக் கடற்கரைச் சாலைதான். தொண்டிக்காரர்களுக்கு ராமநாதபுரத்துக்கு வந்து ரயிலேறுவதை விடக் காரைக்குடிக்குப் போய் ஏறுவது நல்லது.

படி 2: விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ரயில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று தொடங்காதீர்கள். விமானத்தின் நேரத்தை எழுதி, அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

திருச்சியில் காலை 4.30-க்கு வெளிநாட்டு விமானம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும்: 1.30. ஜங்ஷனில் இறங்கி, படியேறி, ஆட்டோ பேசிப் போக முக்கால் மணி நேரம்: 12.45. ரயில் தாமதத்துக்கு இரண்டு மணி நேரம்: 10.45. ஆக, அட்டவணைப்படி இரவு 10.45-க்குள் திருச்சி வரும் ரயில்தான் உங்கள் ரயில். நீங்கள் நினைத்த ரயில் 10.45-ஐத் தாண்டி வருவதாக அட்டவணை சொன்னால் அதை விட்டுவிட்டு, பிற்பகலில் ராமேஸ்வரத்தில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் திருச்சி சேரும் பகல் எக்ஸ்பிரஸைப் பாருங்கள். காத்திருக்கும் நேரம் கூடும். ஆனால் குடியேற்ற வரிசையில் நெஞ்சு படபடக்காது.

உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போனால் போதும். பெட்டி போடும் கவுன்ட்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு மூடிவிடும். ஒரு நிமிடம் தாண்டினாலும் அங்கே கெஞ்சிப் பயனில்லை. சென்னைக்கு இரவு ரயிலில் போகிறவர்கள், ரயில் தாம்பரம் சேரும் நேரத்துக்கும் விமானம் புறப்படும் நேரத்துக்கும் நடுவில் உள்நாட்டுக்கு ஐந்து மணி நேரமும், வெளிநாட்டுக்கு ஆறு மணி நேரமும் விடுவது என் பழக்கம். மழைக்காலத்தில் முதல் நாளே போய்விடுவதுதான் நல்லது.

அதிகம் பேர் விழும் பள்ளம் தேதி. டிக்கெட்டில் "12-ஆம் தேதி 00.40" என்று இருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 11-ஆம் தேதி இரவு. 12-ஆம் தேதி மாலை ரயிலேறிப் போனால் விமானம் போய்ப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். ரயிலிலும் இதே வம்பு உண்டு: காரைக்குடி, புதுக்கோட்டையில் நள்ளிரவைத் தாண்டி ஏறுகிறவருக்கு ஏறும் தேதி மறுநாள். முன்பதிவு செய்யும்போது ஏறும் நிலையத்தின் தேதியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 3: டிக்கெட் எடுக்கும் வரிசை

விமான டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே கிடைக்கும். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். ஆகவே முதலில் விமானம், பிறகு 60-ஆம் நாள் காலை 8 மணிக்கு ரயில். ராமேஸ்வரம் ரயில்களுக்கு வட இந்திய யாத்ரீகர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. ஆடி, தை அமாவாசை நெருங்கினால் சொல்லவே வேண்டாம்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சொகுசு கிடைப்பதில்லை. விசா வந்த மறுநாளே நிறுவனம் டிக்கெட் அனுப்பும், மூன்றாம் நாள் விமானம். அப்போது தட்கல்தான். ரயில் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏ.சி., 11 மணிக்கு ஸ்லீப்பர். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அதை இன்றைக்கே செய்து வையுங்கள், பயணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி விமானம் பிடிக்கப் போகாதீர்கள். இணையத்தில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட், சார்ட் போட்டதும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். ஆர்.ஏ.சி. பரவாயில்லை, உட்கார்ந்தாவது போகலாம்.

படி 4: எங்கே ஏறுவது?

தீவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. அதற்கு முன் 2022 டிசம்பரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலே வரவில்லை. எல்லாம் மண்டபத்தோடு, ராமநாதபுரத்தோடு நின்றது. புதுப் பாலம் வந்தாலும் கடல் காற்று அதே காற்றுதான். பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். புதுப் பாலத்திலும் பலத்த காற்று வீசும்போது ரயிலை விடமாட்டார்கள். அப்படி நாட்களில் ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ புறப்படும்.

ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன்காரர்கள் ஏறும் நிலையத்தை ராமநாதபுரம் என்று போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். சாலைப் பாலம் வழியாகப் பஸ்ஸில் வந்து ராமநாதபுரத்தில் ஏறுங்கள். கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், பெரியபட்டினத்துக்காரர்களுக்கு எப்படியும் ராமநாதபுரம்தான் நிலையம். புயல் சின்னம் என்று செய்தி வந்த நாளிலிருந்தே ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்து, ரயில் எங்கிருந்து புறப்படுகிறது என்று கேளுங்கள். தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் திருச்சி பகல் ரயிலைப் பாதி வழியில் நிறுத்துவதும் உண்டு. அதற்குத் தெற்கு ரயில்வே முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடும்.

படி 5: ரயிலிலிருந்து விமானத்துக்கு

திருச்சியில் பெரிய வேலை இல்லை. பகலில் ஜங்ஷன் அருகிலுள்ள மத்திய பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் கிடைக்கும். ராத்திரியில் ஆட்டோ அல்லது ஆப் டாக்சி. கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். புது முனையம் 2024 ஜூன் முதல் இயங்குகிறது. உள்நாடு, வெளிநாடு இரண்டும் அங்கேதான்.

சென்னையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆட்கள் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் எழும்பூர் வரை போய்விடுகிறார்கள். பிறகு அங்கிருந்து வந்த வழியே திரும்பி விமான நிலையம். தேவையே இல்லை. தாம்பரத்தில் இறங்குங்கள். சேது, போட் மெயில் (கப்பல் போனாலும் ராமேஸ்வரம்–சென்னை ரயிலுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது) இரண்டும் எழும்பூருக்கு முன்னால் தாம்பரத்தில் நிற்கும். 2025 ஏப்ரலில் தொடங்கிய ராமேஸ்வரம்–தாம்பரம் ரயில் அங்கேயே முடிகிறது. அது காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறை என்று சுற்றிப் போனாலும், விடியும் முன்பே சேர்ந்துவிடுவதால் காலை விமானத்துக்கு ஏற்றது.

தாம்பரத்தில் இறங்கியதும் கூட்டத்தோடு வெளியே போகாதீர்கள். நடைமேம்பாலத்தில் ஏறி, மின்சார ரயில் நிற்கும் நடைமேடைக்கு வாருங்கள். திரிசூலத்துக்கு டிக்கெட் 5 ரூபாய்தான். முந்தின இரவே ரயில்வே ஆப்பில் பணம் போட்டு வைத்திருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். கடற்கரை போகும் வண்டியில் ஏறுங்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். பல்லாவரம் தாண்டியதும் பெட்டிகளைக் கதவோரம் கொண்டு வந்துவிடுங்கள், வண்டி அதிக நேரம் நிற்காது. எக்ஸ்பிரஸ் எதுவும் திரிசூலத்தில் நிற்காது. அங்கே இறங்க மின்சார ரயில்தான் வழி.

திரிசூலத்தில் வெளியே வந்தால் ஜி.எஸ்.டி. சாலை, எதிரே விமான நிலையம். சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது. உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டு முனையங்களிலிருந்து போகின்றன, வெளிநாடு டி2. டிக்கெட்டில் எது என்று முன்பே பார்த்துக்கொண்டால், பெட்டியை இழுத்துக்கொண்டு முனையம் முனையமாக அலைய வேண்டாம்.

காலை எட்டு முதல் பத்து வரை மின்சார ரயிலில் அலுவலகக் கூட்டம். முப்பது கிலோ பெட்டியோடு அதில் ஏறுவது நமக்கும் கஷ்டம், மற்றவருக்கும் கஷ்டம். அந்த நேரத்தில் தாம்பரத்திலிருந்தே ஆட்டோ பிடியுங்கள். தூங்கிவிட்டு எழும்பூர் வரை போய்விட்டீர்களா? சரி, பதற வேண்டாம். எழும்பூர் மெட்ரோவில் பரங்கிமலை போகும் பச்சை வழியில் ஏறி, ஆலந்தூரில் நீல வழிக்கு மாறினால் விமான நிலையத்திலேயே இறங்கலாம். மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை ஓடும்.

படி 6: மூட்டை

ரயிலில் ஸ்லீப்பர் பயணிக்கு 40 கிலோ வரை இலவசம். உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாக 15 கிலோ. ரயிலில் வசதியாக வந்த மூட்டை கவுன்ட்டரில் பிடிபடும். வீட்டிலேயே எடை போட்டு விடுங்கள்.

நம் கரைக்கென்று சில சங்கதிகள் உண்டு. கருவாடு கொண்டுபோகலாம், ஆனால் காற்றுப் புகாமல் இரண்டு மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரும் வாழ்த்துவார். கொப்பரை எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் தடை. ராமேஸ்வரம் தீர்த்தம் வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போகாது, பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில் மட்டும்தான். வளைகுடா போகிறவர் பையில் அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடி இருந்தால், அதில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும், சிறை வரை போகும். கடல் அட்டை, பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். யார் "சின்னப் பொட்டலம்தான், அங்கே ஒருத்தர் வாங்கிப்பார்" என்று கொடுத்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

படி 7: ரயில் தாமதமானால்

ரயிலேறும் முன்பே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்தால், ஏறாமல் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) போட்டு முழுப் பணமும் திரும்பப் பெறலாம். ரயில் உங்கள் நிலையத்திலிருந்து புறப்படும் முன்பே போட வேண்டும். உடனே பஸ்ஸுக்கோ காருக்கோ மாறுங்கள்.

ஏறிய பிறகு தாமதமானால், விமான நிறுவனத்தை அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே தேதி மாற்றினால் மாற்றும் கட்டணமும் டிக்கெட் விலை வித்தியாசமும் கட்டி அடுத்த விமானத்தில் போகலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அடிப்படைக் கட்டணம் முழுதும் போகும். அப்போதும் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். சென்னைக்கு வரும்போது வண்டி செங்கல்பட்டில் முடங்கினால் அங்கேயே இறங்கிவிடலாம்; திரிசூலம் வழியாகக் கடற்கரை போகும் மின்சார ரயில்கள் அங்கிருந்தும் உண்டு.

திரும்பி வரும்போது

விமானம் தாமதமாகலாம், பெட்டி வரத் தாமதமாகலாம், சுங்கத்தில் நிற்கலாம். உள்நாடு என்றால் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரம், வெளிநாடு என்றால் ஐந்து.

சென்னையில் காலையில் இறங்கினால் ராமநாதபுரத்துக்கு நேர் ரயில் எல்லாம் மாலையில்தான். அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் மதியம் தாம்பரத்தில் வைகை எக்ஸ்பிரஸைப் பிடித்து இரவு மதுரை வந்து, மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் பிடிக்கலாம்; அல்லது ஜி.எஸ்.டி. சாலையிலேயே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய் ராமநாதபுரம் பஸ் ஏறலாம். திருச்சியில் விடியற்காலையில் இறங்குகிறவர்கள்தான் கொடுத்து வைத்தவர்கள். குடியேற்றம், சுங்கம் முடித்து ஜங்ஷனுக்கு வந்து ஒரு காபி குடித்தால் காலை ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் தயாராக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். ஆகவே வரும் டிக்கெட்டை எடுக்கும்போது, சென்னையை விடக் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் திருச்சி விமானத்தை ஒருமுறை பாருங்கள்.